அக்காவின் உயரம்

திருச்சி விமான நிலைய வாசலில் என் மகன் மூன்றாவது தடவையாகக் கேட்டான். "அம்மா, பாஸ்போர்ட் எங்க?"

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் தட்டிக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டான். "ஒவ்வொரு கவுன்டர்லயும் காட்டணும்மா. ஒவ்வொரு தடவையும் இடுப்புல இருந்து எடுப்பியா?"

எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் இடுப்பிலிருந்துதான் எடுத்தேன். ஒன்றும் தொலையவில்லை.

எனக்கு அப்போது 60 வயது. கூடலூர், பந்தலூர் பக்கத்து எஸ்டேட்டுகளில் கிராம சுகாதார செவிலியராக நடந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வழியில் யானை நின்றால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். விமானத்தில் சீட் பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று தெரியாது. பக்கத்து சீட்டுப் பையன்தான் கழற்றிவிட்டான்.

போனது இலங்கைக்கு, என் அக்காவைப் பார்க்க. நாங்கள் கடைசியாகப் பார்த்துக்கொண்டது 1974இல். எனக்கு அப்போது 11 வயது, அவளுக்கு 20. நான் போய் இறங்கியது 2024 பிப்ரவரியில். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

"மகன் கூட வரலாமே, ஏன் தனியா?" என்று எல்லோரும் கேட்டார்கள். லீவு இல்லை என்று சொல்லிவைத்தேன். உண்மையில் லீவு கிடைத்திருக்கும். நான்தான் வேண்டாம் என்றேன். அவன் வந்தால் நுவரெலியா, கண்டி என்று சுற்றிக் காட்டச் சொல்வான், நாலு நாளில் கிளம்பலாம் என்பான். எனக்கு அக்காவின் அடுப்படியில் உட்கார வேண்டும். அதற்குத் துணை எதற்கு?

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு எப்படி இரண்டு நாடு வந்தது என்று இளையவர்கள் கேட்கிறார்கள். என் மகனுக்கே நான் நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டிப் போனார்கள். அப்படிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். சுதந்திரம் கிடைத்த 1948லேயே இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. எங்கள் சனத்தில் பெரும்பாலோர் அன்றைக்கு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். பிறகு 1964 அக்டோபர் 30 அன்று சிரிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஆட்டுமந்தையைப் பங்கு போடுவதுபோலத்தான் இருந்தது என்று அப்பா சொல்வார்.

எந்த நாடு என்று குடும்பத் தலைவர் மனுப் போட வேண்டும். மனைவியும் சின்னப் பிள்ளைகளும் அவரோடு சேர்த்தி. கல்யாணமான மகள் புருஷன் மனுவில் சேர்ந்துவிடுவாள். அப்பா இந்தியாவுக்கு எழுதினார். 1972இல் கல்யாணம் முடித்த அக்காவின் புருஷன் இலங்கைக்கு எழுதியிருந்தார். அவ்வளவுதான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, இரண்டு மனு. 1973, 74இல் தோட்டங்களில் கொடும் பஞ்சம். மாவுக்கும் வழியில்லாமல் சனங்கள் செத்தார்கள். அதுவரை தயங்கிக்கொண்டிருந்த அப்பா அந்த வருடம் கிளம்பிவிட்டார்.

ஹட்டனில் கோச்சி ஏறினோம். ரயிலை அங்கே கோச்சி என்பார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கதறுவதால் அதற்கு அழுகைக் கோச்சி என்றே பெயர். தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்குக் கூலிகளாகப் போகிறவர்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம் அது. தாத்தா உள்ளே போன வாசல் வழியாகப் பேரப்பிள்ளைகள் வெளியே வந்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்திருந்தது. பின்னாளில் அதுதான் டேன்டீ. அம்மா அங்கே திரும்பவும் கொழுந்துக் கூடையைத் தூக்கினாள். நாடுதான் மாறியது, கூடை மாறவில்லை.

ஏன் இத்தனை வருடம் போகவில்லை? கொஞ்ச நாள் காசு இல்லை. பிறகு 1983 கலவரம், போர், கப்பலும் நின்றுபோனது. பிறகு அம்மாவின் படுக்கை. கடிதம் வரும். அக்காவுக்கு எழுதத் தெரியாது, தோட்டத்து ஸ்கூல் வாத்தியார் எழுதுவார். எல்லாக் கடிதமும் "நலம், நலமறிய ஆவல்" என்று ஒரே கையெழுத்தில், ஒரே மாதிரி. அம்மா 2004இல் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப் கொண்டுவந்தார்கள். வாரம் ஒரு நாள் அக்காவின் முகம் உள்ளங்கை அகலத்தில் வரும். "நல்லா இருக்கேன்டி." அதற்குமேல் என்ன கேட்பது?

பாஸ்போர்ட் எடுக்கப் போனதுதான் பயணத்திலேயே கடினமான பகுதி. விண்ணப்பத்தில் பிறந்த இடம் ஹட்டன், இலங்கை. கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அகதியாம்மா?" என்றார். இல்லை, தாயகம் திரும்பியோர் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே?" ஒன்றில்லை. போரில் உயிர் தப்பி வந்தவர்கள் அகதிகள்; அவர்களில் இன்னும் இந்தியக் குடியுரிமை கிடைக்காமல் தவிக்கும் குடும்பங்கள் ஏராளம். நாங்கள் ஒப்பந்தப்படி இந்தியக் குடிமக்களாகவே கப்பல் ஏறியவர்கள். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவளுக்கு இதை நிரூபிக்க மூன்று நடை, ஐந்து மாதம். கடைசியில் காப்பாற்றியது அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டும், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டையும். அம்மா அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப் பானைக்கு மேலே பரணில் வைத்திருந்தாள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு உறை இருந்தால், பழைய குப்பை என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

விசா சுலபம். அந்தச் சமயம் இந்தியர்களுக்கு 30 நாள் அனுமதிக்குக் கட்டணம் கிடையாது. இலங்கை அரசின் தளத்திலேயே மகன் பதிவு செய்தான். அதற்கே பணம் கேட்கும் போலித் தளங்கள் நிறைய உண்டு, கட்டண விதியும் அடிக்கடி மாறுகிறது, அதனால் கிளம்புமுன் அரசுத் தளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். இன்னொன்று, இதை நர்ஸாகச் சொல்கிறேன்: சர்க்கரை, பிரஷர் மாத்திரையைப் பெட்டியில் போடாதீர்கள். பெட்டி வழி தவறினாலும் மாத்திரை உங்களோடு இருக்கவேண்டும். டாக்டர் சீட்டும் கூட இருக்கட்டும்.

வந்த வழியே கப்பலில் திரும்ப வேண்டும் என்று எனக்கு ஆசை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றுவிட்டது. நான் போய்த் திரும்பிய பிறகு, ஆகஸ்டில், மறுபடி விட்டார்கள். நம் ராசி அப்படி. விமானத்தில்தான் போனேன். ஒரு மணி நேரப் பறப்பு. கூடலூரிலிருந்து கோயம்புத்தூர் வருவதற்கு அதைப்போல ஐந்து மடங்கு ஆகும். ஜன்னலில் கடல் தெரிந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் அதுவும் போய்விட்டது. இவ்வளவு சின்னக் கடலா என்று கோபம்தான் வந்தது.

கட்டுநாயக்கவில் இறங்கினால் விமான நிலையத்துக்குப் பண்டாரநாயக்கா பெயர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட சிரிமாவோவின் கணவர். என்னைப் பங்கு போட்டுக் கொடுத்த குடும்பத்தின் வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறேன் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் நின்ற பெண் ஒரு மாதிரி பார்த்தாள்.

வருகை அட்டையில் "தங்கும் முகவரி" என்று ஒரு கட்டம். பேனா அங்கே நின்றுவிட்டது. லயத்துக்கு ஏது முகவரி? தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்தான் லயம். அங்கே வீட்டுக்கு வீடு முகவரி கிடையாது, தபால் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், பொகவந்தலாவை என்று எழுதிக் கொடுத்தேன். குடிவரவு அதிகாரி சிங்களவர், இளைஞர். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தட்டுத்தடுமாறித் தமிழில், "அம்மா ஊருக்கு வந்தது?" என்றார். ஆமாம் என்றேன். முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் கொஞ்சம் பணம் மாற்றி, சிம் கார்டு வாங்கிக்கொண்டேன். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் பணம் மூன்றே முக்கால் அளவுக்குக் கிடைத்தது. பத்தாயிரம் கொடுத்தால் முப்பத்தேழாயிரம். கை நிறைய நோட்டு. பணக்காரி ஆனது போலிருக்கும், முதல் சாப்பாட்டு பில் வரும்வரை. 187ஆம் எண் பஸ்ஸில் கொழும்பு போய், கொட்டாஞ்சேனையில் அக்காவின் தோட்டத்துக்காரர் ஒருவர் வீட்டில் ராத்தங்கல். தனியாகப் போகிற பெண்கள் முதல் இரவுக்கு மட்டுமாவது தெரிந்த வீட்டை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அந்நிய ஊரில் பயம் என்பது பெரும்பாலும் முதல் இருட்டுதான்.

மறுநாள் காலை 5.55க்கு கோட்டை ஸ்டேஷனில் 'பொடி மெனிக்கே' ரயில். ரிசர்வேஷன் டிக்கெட்டை எல்லாம் சுற்றுலாக்காரர்கள் எப்போதோ வாங்கிவிட்டிருந்தார்கள். முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பில் கம்பளை வரை நின்றேன். நாவலப்பிட்டி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாசலில் தொங்கிக்கொண்டு தேயிலை மலையைப் படம் எடுத்தார்கள். அழகுதான். ஆனால் பச்சையைப் பார்த்ததும் எனக்கு எங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள், கால் வைக்க இடம் இருக்கிறதா என்றுதான் கண் போகும். பழக்க தோஷம்.

வட்டவளையில் மழை. ஹட்டன் என்று பலகை வந்தது.

பிளாட்பாரத்தில் நான் உயரமான ஒருத்தியைத் தேடினேன். என் நினைவில் அக்கா உயரம். கூடையை வாசல் திண்ணையான இஸ்தோப்பின் சுவரில் உள்ள ஆணியில் எட்டி மாட்டுவாள், எனக்கு அந்த ஆணி எட்டாது. போனில் முகம் வந்ததே தவிர உயரம் வரவில்லை. யாரோ ஒரு கிழவி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்து பார்த்தேன். என் தோளுக்குக்கூட வரவில்லை.

"என்னாடி, என்னத் தாண்டிப் போற?" என்றாள்.

அழுவோம் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. அவள் என் பெட்டியைத் தூக்கப் பார்த்தாள், நான் பிடுங்கினேன், அவள் விடவில்லை. பிளாட்பாரத்தில் இரண்டு கிழவிகள் ஒரு பெட்டிக்குச் சண்டை.

டிக்கோயா, நோர்வூட் வழியாக பஸ். காசல்ரீ நீர்த்தேக்கம் ஓரமாகக் கூடவே வந்தது. லயம் நான் விட்டுப்போன லயம் போலவே இருந்தது. முன்னால் இஸ்தோப்பு, உள்ளே காம்பரா என்கிற ஒரு அறை, பின்னால் அடுப்படி. தகரக் கூரை புதிது, டிவி புதிது. அடுப்பில் விறகு. முதலில் பிளேன்டி கொடுத்தாள், உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடிக்க. 11 வயதில் குடித்தது. நம் பக்கம் யாருக்கும் அப்படிக் குடிக்கத் தெரியாது. ராத்திரி ரொட்டியும் கட்டச் சம்பலும். நான் கொண்டுபோன ஊட்டி வர்க்கியை அவள் ஒன்று கடித்துப் பார்த்து, "காஞ்ச ரொட்டிக்கு ஏரோப்ளேன் செலவா?" என்றாள்.

இரண்டாம் நாள் காலை தலை வாரிவிட்டேன். போனில் எப்போதும் முக்காட்டோடு வருவாள். முக்காட்டை எடுத்ததும் நெற்றிக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. நாற்பது வருடம் கூடைக் கயிறு அழுத்திய தடம். அந்த இடத்துத் தோல் வழுவழுவென்று இருந்தது, தேய்ந்த படிக்கட்டு மாதிரி. அம்மாவுக்கும் இருந்தது.

பிறகு பெட்டியிலிருந்து பிரஷர் கருவியை எடுத்தேன். நர்ஸுக்கு அதுதான் பலகாரப் பொட்டலம். 170க்கு 100. "மாத்திரை?" "அது போன தீவாளியோட தீந்துருச்சு." வாரம் தவறாமல் "நல்லா இருக்கேன்டி" என்று சொன்ன வாய் அது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இந்திய உதவியில் கட்டி 2017 மே மாதம் பிரதமர் மோடி வந்து திறந்த கட்டடம். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். கிளினிக் கொப்பி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். மருமகளைக் கூப்பிட்டு எந்த வேளைக்கு எது என்று சொல்லிக் கொடுத்தேன். அந்த ஒரு நாளுக்காகவே டிக்கெட் செலவு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகள் இன்னும் மலைக்குப் போகிறாள். அப்போது ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய். நம் காசில் 270ஐத் தொடாது. "ஒங்க பக்கம் எவ்வளவு?" என்று கேட்டாள். சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அக்கா குடும்பம் வாங்கிய நாடு, நாங்கள் வாங்கிய நாடு, எது லாபம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கு வராது.

நாலாம் நாள் இரவு மழையில் கரண்ட் போனது. அடுப்பு வெளிச்சம் மட்டும். அப்பாவின் குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினேன், அதில் அப்பா, அம்மா, நான், தம்பி. அவள் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, தன் தகரப் பெட்டியிலிருந்து மச்சானின் பிரஜாவுரிமைக் கடுதாசியை எடுத்து வந்தாள். அதில் அவள் பெயர். இரண்டையும் பாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"அம்மா சாகும்போது என்னப் பத்திப் பேசுச்சா?" என்றாள்.

பேசியது. ஆனால் பேசியது நல்லதாக இல்லை. கோச்சி ஏறின அன்றைக்குப் பெரியவள் ஸ்டேஷனுக்கு வரவில்லை, கோபத்தில் வரவில்லை என்று அம்மா முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இதை நான் கடிதத்திலும் எழுதியதில்லை, போனிலும் சொன்னதில்லை. இருட்டில் சொல்லிவிட்டேன்.

அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. விறகைத் தள்ளினாள். பிறகு சொன்னாள். "வந்தேன்டி. பஸ்சு நோர்வூட்டோட ஒடைஞ்சு நின்னுருச்சு. கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு நடந்தேன். டேசனுக்கு வந்தா சாமான் கட்டுன சாக்குக் கயிறு கெடக்கு, கோச்சி இல்ல."

"ஏன்க்கா, இத்தன வருசத்துல சொல்லவே இல்லையே?"

"வாத்தியார்கிட்டச் சொல்லி எழுதுற சங்கதியா? போன்ல பக்கத்துல பேத்தி நிக்கிறா." கொஞ்சம் பொறுத்து, "நீயும்தான் கேக்கல," என்றாள்.

அது உண்மை. போனில் நாங்கள் பேசியதெல்லாம் செய்திதான். யார் கல்யாணம், யார் சாவு, மழை எப்படி. கரண்ட் போய், அடுப்பு அணையப் போகிற நேரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவள் எழுந்து போக மாட்டாள் என்று தெரிந்தால்தான் சில பேச்சு வெளியே வருகிறது. மகனைக் கூட்டி வராதது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவன் இருந்திருந்தால் டார்ச் அடித்திருப்பான்.

மிச்ச நாட்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கீரை ஆய்ந்தோம். ஒரு நாள் வாய்ச்சண்டை, உப்புக்கு. ஒரு நாள் சிவனொளிபாத மலை விளக்கு வரிசை தெரிகிறதா என்று பார்க்கத் தேயிலை மலை உச்சிக்கு மூச்சு வாங்க ஏறினோம். பனி மூடி ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் நான் பிறந்த லயத்தைத் தேடிப் போனோம். அந்த இடத்தில் தேயிலை நட்டு, அதுவும் இடுப்பளவு வளர்ந்து நின்றது.

பன்னிரண்டாம் நாள் கிளம்பினேன். கோச்சி மத்தியானம்தான். அக்கா விடிகாலையிலேயே எழுந்து குளித்து, கல்யாண வீட்டுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு இஸ்தோப்பில் நின்றாள். இப்போதே போனால் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும் என்றேன். "பஸ்ச நம்ப முடியாது," என்றாள்.

பஸ் ஒழுங்காகத்தான் போனது. எட்டு மணிக்கெல்லாம் ஹட்டன் ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். இரண்டு ரயில் வந்து போனது. பதினொரு மணிக்கு மேல் ஒலிபெருக்கியில் சிங்களத்தில் ஏதோ சொன்னார்கள். எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது.

"என்னவாம்?"

"நாப்பது நிமிசம் பிந்துமாம்," என்று சொல்லிவிட்டு, காலைத் தூக்கிப் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.